நாவால் தீனைக் காத்த நபித்தோழர் ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி)

கவி பாடுவது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? மவ்லிது மஜ்லிஸில் பைத்து ஓதி முடித்து எழும்போதும், கலியாண வீட்டில் பாட்டு வைக்கலாமா என்ற பேச்சு வரும்போதும் நம் வாலிபர்கள் ஆலிம்களைப் பிடித்துக் கேட்கும் கேள்வி இது. ஒரு சாரார் திருக்குர்ஆனில் கவிஞர்களைக் கண்டித்து வந்திருக்கும் வசனத்தைக் காட்டி, கவிதை என்றாலே பாவம் என்று முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், கலைக்கு மார்க்கம் வேலி போடுவதாவது என்று அலட்சியமாகப் பேசுகிறார்கள். இரு சாராருக்கும் பதிலாக ஒரு பெரியாரின் வாழ்க்கை இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கவி பாடுவதற்கென்று மிம்பர் போடப்பட்ட ஒருவர் அவர். அவர் கவிதையால் சிறப்படைந்தார். அதே நாவால் ஒருமுறை சறுக்கித் தண்டனையும் அடைந்தார். அவர்தாம் ஹஸ்ரத் ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்கள்.

யத்ரிபின் கவிஞர்

ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் யத்ரிப் நகரில் கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய்வீடும் இந்தப் பனூ நஜ்ஜார்தான். தந்தை பெயர் தாபித். தாயார் பெயர் ஃபுரைஆ. ஹஸ்ஸானின் மகனும் கவிஞர், பேரனும் கவிஞர். கவிதை அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து.

அக்கால அரபியரிடையே கவிஞருக்கு இருந்த மதிப்பை இன்று நாம் சரியாக மதிப்பிட முடியாது. எழுத்தறிவு அரிதாக இருந்த அந்தச் சமுதாயத்தில் கவிதைதான் சரித்திர ஏடு; கவிதைதான் வம்சாவளிப் பட்டயம்; கவிதைதான் பத்திரிகை. ஒரு கூட்டத்தாருக்குள் நல்ல கவிஞர் ஒருவர் தோன்றினால் அண்டை அயலார் வந்து வாழ்த்துவார்கள், விருந்து நடக்கும். தங்கள் மானத்தைக் காக்க ஒரு நாவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கவிஞர் பாடிய வசை ஒட்டகக் கூட்டத்தோடு பயணம் செய்து பாலைவனமெங்கும் பரவும். அம்பு தைத்த புண் ஆறும். வசை தைத்த புண் தலைமுறைக்கும் ஆறாது.

இப்படிப்பட்ட காலத்தில் ஹஸ்ஸான் தம் இளமையிலேயே புகழ் பெற்றார்கள். ஷாம் எல்லையில் ஆண்ட கஸ்ஸான் வம்சத்து அரசர்களின் சபைக்குச் சென்று புகழ்பாடிப் பரிசு பெற்றார்கள். ஊரிலோ அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு கோத்திரத்தாருக்கும் ஓயாத பகை. அவ்ஸின் கவிஞர் கைஸ் பின் கத்தீம் கஸ்ரஜை இகழ்ந்து பாடுவார். கஸ்ரஜின் ஹஸ்ஸான் அவ்ஸை இகழ்ந்து பதில் பாடுவார். வாள் செய்த வேலையை வசை தொடரும். வசை மூட்டிய நெருப்பில் மீண்டும் வாள் உருவப்படும். ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், சுமார் கி.பி. 617-இல் நடந்த புஆஸ் யுத்தம் இந்தப் பகையின் உச்சம். அன்று ஹஸ்ஸானின் நாவு தம் கோத்திரத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

கோத்திரம் போய் உம்மத் வந்தது

அண்ணலார் (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மதீனாவுக்கு வந்தபோது ஹஸ்ஸான் அவர்களுக்கு வயது ஏறத்தாழ அறுபது என்பது பிரபலமான கூற்று. வாழ்க்கை முழுதும் அரசர்களையும் கோத்திரத்தையும் பாடிய ஒரு கவிஞர், அந்த வயதில் கலிமாச் சொன்னார். அவ்ஸும் கஸ்ரஜும் அன்ஸார் என்ற ஒரே பெயரில் சகோதரர்களானார்கள்.

ஆனால் பழைய கவிதைகள் மனத்தில் உறங்கிக் கிடந்தன. ஒருநாள் அவ்ஸாரும் கஸ்ரஜாரும் ஒன்றாய் அமர்ந்து உரையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு பொறாத ஷாஸ் பின் கைஸ் என்பவர், ஓர் இளைஞரை அனுப்பி, புஆஸ் யுத்தத்தைப் பற்றிய பாடல்களை அந்தச் சபையில் பாடச் செய்தார். சிறிது நேரத்தில் இரு கூட்டத்தாரும் ஆயுதம் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்! நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களுடன் விரைந்து வந்து, நான் உங்களிடையே இருக்கும்போதே அறியாமைக் காலத்துக்குத் திரும்புகிறீர்களா என்ற கருத்தில் கேட்டார்கள். அவர்கள் அழுது, ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இச்சம்பவத்தை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஒரு பாட்டு ஒரு சமுதாயத்தைச் சேர்க்கவும் செய்யும். சிதறடிக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வசைக்கு வசை

மக்கத்துக் குறைஷியர் வாளால் மட்டும் போர் செய்யவில்லை. அவர்களிடமும் கவிஞர்கள் இருந்தார்கள். அப்துல்லாஹ் பின் ஸிபஃரா, ளிரார் பின் கத்தாப், நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தையின் மகனான அபூஸுஃப்யான் பின் ஹாரித் முதலியோர் இஸ்லாத்தையும் முஸ்லிம்களையும் இழித்துப் பாடினார்கள். அப்பாடல்கள் கோத்திரம் கோத்திரமாகப் பரவின.

இதற்குப் பதில் சொல்ல மதீனாவில் மூவர் எழுந்தார்கள்: அப்துல்லாஹ் பின் ரவாஹா, கஅப் பின் மாலிக், ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி-அன்ஹும்). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள ஹதீஸின்படி, நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் இப்னு ரவாஹாவிடம் சொல்லியனுப்பினார்கள், பிறகு கஅபிடம், கடைசியில் ஹஸ்ஸானிடம். ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் வந்து தம் நாவை நீட்டிக் காட்டி, தோலைக் கிழிப்பதுபோல் அவர்களைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் உடனே பாடும்படி விட்டுவிடவில்லை. அவசரப்படாதீர் என்று தடுத்தார்கள். குறைஷியர் யார்? நாயகத்தின் சொந்த இரத்தம். அவர்களின் வம்சத்தை இகழ்ந்தால் அது நாயகத்தின் வம்சத்தின் மீதே வந்து விழும். ஆகவே, குறைஷியரின் வம்சாவளியை நன்கறிந்தவர் அபூபக்ர். அவரிடம் சென்று கேட்டுத் தெளிந்துகொண்டு வாரும் என்று அனுப்பினார்கள். அறுபது வயதைக் கடந்த மகாகவி, அபூபக்ர் (ரலி) அவர்களிடம் மாணவரைப் போல் போய் அமர்ந்து, கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள். மாவிலிருந்து மயிரை உருவுவதுபோல் தங்களை அவர்களிலிருந்து தனியே எடுத்துவிடுவேன் என்று உறுதி கூறினார்கள். அதன் பிறகே பாட உத்தரவு கிடைத்தது.

அல்லாஹ்வுக்கும் அவன் ரஸூலுக்கும் ஆதரவாக நின்று பதில் சொல்லும் காலமெல்லாம் ரூஹுல் குதுஸாகிய ஜிப்ரீல் (அலை) அவர்கள் உமக்குத் துணை நிற்பார்கள் என்ற நன்மாராயமும் ஹஸ்ஸானுக்குக் கிடைத்தது. அந்த வசை குறைஷியருக்கு அம்பு மாரியைவிடக் கடுமையானது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். மஸ்ஜிதுந் நபவியில் ஹஸ்ஸானுக்காக மிம்பர் போடச் செய்து, அதில் நின்று பாட வைத்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வந்துள்ளது. வாளேந்திப் போர்க்களத்தில் நின்று புகழ் பெற்றவர் அல்லர் ஹஸ்ஸான். அவருடைய போர்க்களம் அந்த மிம்பர்தான்.

குர்ஆன் வகுத்த எல்லை

சூரத்துஷ் ஷுஅராவின் கடைசியில் (26:224-227) கவிஞர்களைப் பற்றி அல்லாஹ் கூறுகிறான். வழி தவறியோரே அவர்களைப் பின்பற்றுவர், அவர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் திரிவர், செய்யாததைச் சொல்வர் என்பது அதன் கருத்து. இவ்வசனத்தைக் கேட்டு ஹஸ்ஸான், கஅப், இப்னு ரவாஹா மூவரும் அழுதபடி நாயகத்திடம் ஓடி வந்தார்கள் என்றும், அதைத் தொடர்ந்து வரும் விதிவிலக்கை நாயகம் (ஸல்) அவர்கள் ஓதிக்காட்டி ஆறுதல் சொன்னார்கள் என்றும் தஃப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது.

அந்த விதிவிலக்கு என்ன? ஈமான் கொண்டு, நற்செயல் செய்து, அல்லாஹ்வை அதிகமாக நினைவு கூர்ந்து, தமக்கு அநீதி இழைக்கப்பட்ட பின்னரே பதிலடி கொடுப்போர். ஆக, ஷரீஅத் கவிதையின் வாயை அடைக்கவில்லை. அதற்கு வேலி போட்டது. வயல் என்றால் வேலி வேண்டாமா? குர்ஆன் சாடியது பொய்யை; சொல்லும் செயலும் பொருந்தாத வாழ்வை; எவர் பணம் தந்தாலும் அவரைப் புகழும் நாவை.

நாவின் சறுக்கல்

பெரியோர்களின் சரித்திரத்தை எழுதும்போது இனிப்பான பகுதியை மட்டும் எழுதி மற்றதை மறைப்பது நம் முன்னோர் வழக்கமல்ல. ஹதீஸ் நூல்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

பனூ முஸ்தலிக் யுத்தத்திலிருந்து திரும்பும் வழியில், கழுத்தணியைத் தேடிச் சென்று தனியே பின்தங்கிவிட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அவதூறு கிளப்பினான். அந்தப் பேச்சில் சிக்கிக்கொண்ட முஃமின்கள் சிலரில் ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் ஒருவர். மிம்பரில் நின்று தீனைக் காத்த அதே நாவு, காதில் விழுந்ததை ஆராயாமல் பேசிவிட்டது! சூரத்துந் நூரின் வசனங்கள் இறங்கி அன்னையாரின் தூய்மையை உலகுக்கு அறிவித்தன. அவதூறில் பங்கு கொண்ட முஃமின்களுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாயகத்தின் கவிஞர் என்பதற்காக ஹஸ்ஸானுக்குச் சலுகை காட்டப்படவில்லை.

அவர்கள் தவ்பாச் செய்து மீண்டார்கள். அன்னையாரின் கற்பையும் கண்ணியத்தையும் புகழ்ந்து கவி பாடினார்கள். பின்னாளில் அதை அன்னையார் முன்னிலையில் பாடியபோது, புறம் பேசாதவர் என்று தம்மைப் புகழும் இடம் வந்ததும், நீர் அப்படி இல்லையே என்று அன்னையார் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையோடு சரி. இவரை ஏன் உள்ளே அனுமதிக்கிறீர்கள் என்று மஸ்ரூக் (ரஹ்) கேட்டதற்கு, கண் பார்வை போய்விட்டதே, அதைவிட வேறு தண்டனையா என்றும், இவர் ரஸூலுல்லாஹ்வுக்காகப் பதில் பாடியவராயிற்றே என்றும் சொன்னார்கள். தம் சகோதரி மகன் உர்வா (ரஹ்) ஹஸ்ஸானை ஏச முற்பட்டபோதும் அன்னையார் தடுத்துவிட்டார்கள். இவையெல்லாம் புகாரி ஷரீபில் உள்ள செய்திகள்.

யாருடைய மானம் குலைக்கப்பட்டதோ அவரே, குலைத்தவரின் மானத்தைக் காத்து நின்றார்! நம் வீட்டுப் பெண்மணிகள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

கவிதையால் வந்த கூட்டம்

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு பல கோத்திரங்களின் தூதுக்குழுக்கள் மதீனாவுக்கு வந்தன. பனூ தமீம் கூட்டத்தார் வந்து, நாயகத்தின் வீட்டுக்கு வெளியே நின்று உரக்க அழைத்து, பெருமை பேசிப் போட்டியிட வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களின் பேச்சாளர் உதாரித் பேசினார். அதற்கு ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்கள் பதிலுரை நிகழ்த்தினார்கள். அவர்களின் கவிஞர் ஸிப்ரிகான் பின் பத்ர் பாடினார். நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸானை அழைத்துப் பதில் பாடச் சொன்னார்கள். பாடி முடிந்ததும் அக்கூட்டத்தின் பிரமுகர் அக்ரஃ பின் ஹாபிஸ், இவர்களின் பேச்சாளர் நம் பேச்சாளரைவிடச் சிறந்தவர், இவர்களின் கவிஞர் நம் கவிஞரைவிடச் சிறந்தவர் என்று ஒப்புக்கொண்டார். அக்கூட்டத்தார் இஸ்லாத்தைத் தழுவினார்கள், பரிசுகளுடன் திரும்பினார்கள். மனிதர்களுக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் பதில் சொல்வதும் தஃவாதான் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

பகைவர் சகோதரரான பின்

ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. வசை பாடிய அபூஸுஃப்யான் பின் ஹாரித் (ரலி) அவர்கள் அதற்குச் சற்று முன்னரே இஸ்லாத்துக்கு வந்து, ஹுனைன் போரில் பலரும் சிதறிய நேரத்திலும் நாயகத்தின் வாகனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்னு ஸிபஃரா (ரலி) அவர்கள் நஜ்ரானுக்கு ஓடிப் போயிருந்தார்கள்; ஹஸ்ஸான் அனுப்பிய கவி அங்கே எட்டியது. திரும்பி வந்து இஸ்லாத்தை ஏற்று, பழைய பாட்டுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் புதுப்பாட்டுப் பாடினார்கள்.

இப்போது ஒரு சிக்கல். நேற்று வரை குறைஷியரைக் கிழித்த பாடல்களை இன்று என்ன செய்வது? அவர்களும் சகோதரர்களாகிவிட்டார்களே! உமர் (ரலி) அவர்கள் தம் கிலாஃபத்தில், அன்ஸாரும் குறைஷியரும் முன்பு ஒருவர் மீது ஒருவர் பாடிய வசைகளை இனி யாரும் பாடக்கூடாது என்று தடுத்தார்கள். உயிரோடிருப்பவரை இகழ்வதும் இறந்தவரைப் புண்படுத்துவதும் பழைய பகையைக் கிளறும் என்பது காரணம்.

இது தொடர்பாக அரபு இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. இப்னு ஸிபஃராவும் ளிராரும் மதீனாவுக்கு வந்து, ஹஸ்ஸானை அழைத்து உட்கார வைத்துத் தங்கள் பழைய பாடல்களையெல்லாம் பாடிவிட்டு, அவர்கள் பதில் பாடுமுன் ஒட்டகம் ஏறிப் போய்விட்டார்கள். கொதித்துப்போன முதிய கவிஞர் நேரே அமீருல் முஃமினீனிடம் போய் முறையிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளனுப்பி இருவரையும் வழியில் மறித்துத் திரும்ப அழைத்து வந்து, ஸஹாபாக்கள் முன்னிலையில் ஹஸ்ஸானைப் பாடச் செய்து கணக்கைத் தீர்த்தார்கள். அதன் பிறகு, வீண் பகை வேண்டாமென்றே தடுத்தேன். விட மனமில்லையென்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என்னே நுட்பமான நீதி! ஒரு சமுதாயத்தின் சரித்திரம் அழியவும் கூடாது. அந்தச் சரித்திரமே அச்சமுதாயத்தைப் பிளக்கவும் கூடாது. ஏட்டில் இருக்கட்டும்; சந்தியில் பாட வேண்டாம்.

ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் ஹஸ்ஸான் கவி பாடுவதைக் கண்டு முகம் சுளித்தபோது, உங்களைவிடச் சிறந்தவர் இங்கிருக்கும்போதே பாடியிருக்கிறேன் என்று ஹஸ்ஸான் பதில் சொல்லி, அபூஹுரைரா (ரலி) அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அபூஹுரைராவும் ஆம் என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது.

இன்னொரு செய்தியும் சிந்தனைக்குரியது. மூன்று கவிஞர்களில் ஹஸ்ஸானும் கஅபும் குறைஷியரின் தோல்விகளையும் குறைகளையும் சொல்லிச் சாடினார்கள். இப்னு ரவாஹாவோ அவர்களின் குஃப்ரைச் சொல்லிச் சாடினார்கள். அக்காலத்தில் குறைஷியருக்கு வலித்தது முந்திய இருவரின் பாட்டு. இஸ்லாத்துக்கு வந்து தீனைப் புரிந்துகொண்ட பிறகோ, அதிகம் வலித்தது இப்னு ரவாஹாவின் பாட்டு என்பர். மனிதரின் பெருமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வலியும் இருக்கும். தீன் அவர்களின் பெருமையையே இடம் மாற்றிவிட்டது.

அந்திக் காலம்

ஹிஜ்ரி 11-இல் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது, அந்தப் பிரிவைக் கவியாக்கி அழுதவர்களில் முதல் வரிசையில் ஹஸ்ஸான் நின்றார்கள். இப்னு ஹிஷாமின் ஸீரத்துன் நபி நூல், அவர்களின் இரங்கற்பாக்களோடுதான் முடிகிறது. ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும், மூத்தா யுத்தத்தில் ஷஹீதானவர்களுக்கும், ஹிஜ்ரி 35-இல் கொல்லப்பட்ட உஸ்மான் (ரலி) அவர்களுக்கும் அவர்கள் பாடிய இரங்கற்பாக்கள் அன்றைய சமுதாயத்தின் கண்ணீர்ச் சரித்திரம். முதுமையில் பார்வை இழந்து, முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஹிஜ்ரி 54 வாக்கில் மறைந்தார்கள் என்பது பலரின் கூற்று.

அவர்கள் பெயரில் வழங்கும் பாடல்கள் அனைத்தும் அவர்களுடையவை அல்ல. பிற்காலத்தில் கோத்திரப் போட்டி மிகுந்தபோது, தத்தம் கட்சிக்கு ஆதரவாகப் பாடல் கட்டி ஹஸ்ஸானின் பெயரில் ஏற்றிவிட்டார்கள் என்று இப்னு ஸல்லாம் போன்ற அறிஞர்கள் எச்சரித்துள்ளார்கள். கோத்திரத்தைக் கடந்து வந்தவரை மீண்டும் கோத்திரத்துக்குள் இழுக்கப் பார்த்தார்கள்!

நமக்குள்ள பாடம்

அருமைச் சகோதர சகோதரிகளே! நம் தமிழகத்து முன்னோர்கள் இந்த வழியை நன்றாகப் புரிந்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நாயகத்தின் சரித்திரத்தைச் சீறாப்புராணமாகப் பாடினார். கீழக்கரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அரபியில் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடினார்கள். தாய்மொழியை விட்டுவிட்டுத்தான் முஸ்லிமாக வாழ வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தாய்மொழியிலேயே நாயகத்தைப் புகழ்ந்து தங்களை அடையாளம் காட்டிக்கொண்டார்கள்.

ஆனால் புகழ் பாடுவது ஒன்றே ஹஸ்ஸானின் வழி என்று நின்றுவிடக் கூடாது. பாடுமுன் அறிந்தவரிடம் போய்க் கேட்டார்கள், நாம் கேட்கிறோமா? எதிரியைச் சாடும்போதும் தூயவரின் வம்சத்தில் படாமல் காத்தார்கள். நாம் ஒருவர் மீதுள்ள கோபத்தில் அவர் குடும்பத்தையே இழுக்கிறோமே! ஆராயாமல் பேசியதற்குத் தண்டனை பெற்றுத் தவ்பாச் செய்தார்கள். நாமோ கைபேசியில் வந்ததை அடுத்த நொடியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, மறந்தும் விடுகிறோம்.

மஹல்லாத் தகராறு ஏற்பட்டு, பிறகு சமாதானமும் ஆகி, இரு கூட்டமும் ஒரே ஸஃப்பில் தொழுதபிறகு, பழைய நோட்டீஸையும் பழைய கேலிப் பாட்டையும் எடுத்து வாசிப்பவர் யாராயினும், ஷாஸ் பின் கைஸ் செய்த வேலையைத்தான் செய்கிறார். உமர் (ரலி) அவர்களின் தடை இன்றைக்கும் நம் தெருவுக்குப் பொருந்தும்.

ஆகவே, கவிதை கூடுமா என்று கேட்கும் வாலிபருக்கு நம் பதில் இதுதான்: உம் நாவு யாருக்காகப் பேசுகிறது என்று முதலில் பாரும். அல்லாஹ்வுக்கும் ரஸூலுக்கும் ஆதரவாக, உண்மையோடு, சமுதாயத்தைச் சேர்க்கப் பேசினால் அதற்கு மிம்பர் உண்டு. மானத்தைக் குலைக்கப் பேசினால், பேசியவர் நாயகத்தின் கவிஞராகவே இருந்தாலும் அதற்குத் தண்டனை உண்டு.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும் புறத்திலிருந்தும் காத்து, தன் ஹபீபின் புகழ் பாடவும் அவர்களின் உம்மத்தை ஒன்றுசேர்க்கவும் பயன்படும் நாவுகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.